எந்த மேஸ்திரிக்கும் சேராத ஆள்

ஐயம்பெருமாள் பந்தாட்டத்துக்கு வந்தது கூரையின் மேலிருந்து. முக்கூடலுக்கு மேற்கே தாமிரபரணிக் கரையில் வெள்ளைக்காரர் ஒருவர் நூற்பாலை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. கொட்டகைகளுக்கு ஓடு வேயும் வேலை நடந்தது. கீழே நிற்பவன் ஓட்டை மேலே வீசுவான். கூரைச் சட்டத்தின் மீது காலைப் பரப்பி நிற்பவர் அதை ஏந்தி, வேய்கிற ஆளிடம் கொடுக்க வேண்டும். வெயில் ஏறி, வீசுகிறவனின் தோள் சோர்ந்த பிறகு ஓடுகள் தாறுமாறாக வரும். ஐயம்பெருமாள் அவற்றையும் ஏந்தினார். ஒன்று தலைக்கு மேலே போனால் எட்டிப் பிடிப்பார். ஒன்று முழங்காலுக்குக் கீழே வந்தால் குனிந்து அள்ளுவார். உடைந்த ஓடு அவர் நின்ற பக்கத்தில் கிடந்ததே இல்லை.

ஆலைத் துரை இதை ஒரு பிற்பகல் முழுவதும் நின்று பார்த்தார். துரைக்குக் கால்பந்தாட்டப் பித்து உண்டு. ஆலை ஓடத் தொடங்கியதும் தொழிலாளிகளையும் எழுத்தர்களையும் கலந்து ஓர் அணி சேர்த்தார். கோல் கம்பங்களுக்கு நடுவே நிற்பதற்கு ஐயம்பெருமாளை அழைத்துவரச் சொன்னார்.

மற்றப் பத்துப் பேருக்கும் ஆலையில் வேலை உண்டு. ஆட்டம் மாலைப் பொழுதுக்கு உரியது. ஐயம்பெருமாளுக்கு மட்டும் ஆட்டமே வேலை. காலையில் மைதானத்தைப் பெருக்கி, மேடு பள்ளம் பார்த்து, சுண்ணாம்புக் கரைசலால் கோடு போடுவார். அதன் பிறகு பஞ்சுப் பொதிகள் அடுக்கும் கிட்டங்கியின் நீண்ட சுவரில் பந்தை எறிந்து, அது திரும்பி வரும்போது பிடிப்பார். மாலையில் ஆலைச் சங்கு ஊதும் வரை இதுவே. சம்பளம் மற்றவர்களோடு வந்தது. ஆனால் அவர் பஞ்சு பிரிக்கும் கொட்டகையைச் சேர்ந்தவர் அல்லர். நூல் நூற்கும் கதிர் ஓடும் கூடத்தையோ, இஞ்சின் கூடத்தையோ சேர்ந்தவரும் அல்லர். நடுப்பகல் சங்கு ஊதியதும் ஒவ்வொரு மேஸ்திரியின் ஆட்களும் ஒவ்வொரு மரத்தடியில் கூடித் தூக்குச்சட்டியைத் திறப்பார்கள். ஐயம்பெருமாள் எந்த மரத்தடிக்குப் போவது என்று தெரியாமல், கோல் கம்பத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டு சாப்பிட்டார். முதலில் சில நாள் அப்படி என்று நினைத்தார். பிறகு அதுவே வழக்கமாயிற்று.

"வாய்க்கால்ல தண்ணி எடுக்கப் போனா, உங்க வீட்டுக்காரரு என்ன வேல பாக்காருன்னு கேக்காளுவ," என்றாள் அவர் மனைவி கோமு ஒருநாள். "நான் என்ன சொல்ல?"

"ஆலையில இருக்காருன்னு சொல்லு."

"ஆலையிலதான் எல்லாரும் இருக்காவ. அங்கன என்ன செய்யுதாருன்னுல்லா கேக்காளுவ."

"பந்து பிடிக்காருன்னு சொல்லு."

"சொன்னேன். பெறவு சாயங்காலம் வரைக்கும் சிரிச்சாளுவ."

கோமு கேலியாகத்தான் சொன்னாள். மனத்தில் ஒன்றும் வைத்துச் சொல்லவில்லை. ஆனாலும் அன்று முதல் அவள் விடிவதற்கு முன்பே தண்ணீர் எடுத்துவந்துவிடுவதை ஐயம்பெருமாள் கவனித்தார்.

கோல் காப்பதைப்பற்றி அவர் தாமாகவே சில முடிவுகளுக்கு வந்திருந்தார். பிற்காலத்தில் யாரேனும் கேட்டால் அவற்றைச் சொல்வதுண்டு. கேட்டவர் மிகச் சிலரே. உதைக்கிறவனின் உதைக்கும் காலைப் பார்க்கக் கூடாது, ஊன்றுகிற காலைப் பார்க்க வேண்டும் என்பார். ஊன்றிய பாதம் எந்தத் திசையைப் பார்க்கிறதோ, பந்து பெரும்பாலும் அந்தத் திசையில்தான் வரும். நனைந்த பந்தை விரலால் நம்பக் கூடாது. நெஞ்சோடு சேர்த்து அணைக்க வேண்டும். கோல் விழுந்துவிட்டால் வலையிலிருந்து பந்தைத் தானே எடுத்துக் கொடுக்க வேண்டும். இன்னொருவன் வந்து எடுக்கும்படி விட்டால் அடுத்த பந்துக்குக் கை நடுங்கும். எல்லாவற்றையும்விடக் கடினமானது, பந்து எதிர்ப்பக்கத்தில் இருக்கும் நேரம் என்பார். அப்போது கோல் காப்பவனுக்கு ஒரு வேலையும் இல்லை. கண்ணையும் எடுக்க முடியாது. பக்கத்தில் பேச ஆளில்லை. அந்த நேரத்தில் மனம் வீட்டுக்குப் போய்விட்டால், பந்து வரும்போது அது திரும்பி வந்து சேராது. அதனால் அவர் தமக்குள் முணுமுணுத்துக்கொண்டே நிற்பார். பந்து யாரிடம் போகிறது, யார் விட்டுவிட்டான் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொள்வார். பார்ப்பவர்கள் அதையும் சொல்லிச் சிரித்தார்கள்.

அந்தத் தனிமைக்கு ஒரு மாற்றை ஆட்டத்தின் சட்டமே கொடுத்திருந்தது. தம் பாதி மைதானத்துக்குள் எங்கு வேண்டுமானாலும் கோல் காப்பவர் பந்தைக் கையால் தொடலாம் என்பது அக்காலத்துச் சட்டம். பந்தை ஏந்திக்கொண்டு நடக்கக் கூடாது, அவ்வளவே. தரையில் தட்டித் தட்டிக் கொண்டுபோகலாம். ஐயம்பெருமாள் கம்பங்களை விட்டு வெளியே பாய்ந்து, பந்தை ஆகாயத்திலேயே பறித்து, தட்டிக்கொண்டே நடுக்கோடு வரை வந்துவிடுவார். "வே ஐயம்பெருமாள், இங்கன, இங்கன" என்று இருபுறமும் குரல் கேட்கும். அவர் பெயரை அவர்கள் கூவி அழைப்பது அப்போதுதான். அந்தச் சில நொடிகளுக்காகவே மற்ற நேரம் முழுவதும் நிற்கலாம் என்று அவருக்குத் தோன்றும்.

இன்னொரு மாற்றும் உண்டு. பாளையங்கோட்டையில் இருந்த ஒரு மிஷன் பள்ளியின் அணியோடு ஆலை அணி ஆண்டுதோறும் கோப்பைக்காக மோதும். அந்த அணியின் கோலைக் காத்தவர் சத்தியநேசன் என்ற ஆசிரியர். பாதி ஆட்டம் முடிந்து பக்கம் மாறும்போது இரண்டு கோல் காப்பவர்களும் மைதானத்தின் முழு நீளத்தையும் நடந்து கடக்க வேண்டும். நடுவில் ஒருவரை ஒருவர் தாண்டிப் போவார்கள். முதல் ஆண்டு அப்படித் தாண்டும்போது சத்தியநேசன் நிற்காமலே சொன்னார்: "வலது கம்பத்துக்கிட்ட மண்ணு எளக்கமா இருக்கு அண்ணாச்சி. பாத்து ஊணுங்க." ஐயம்பெருமாள் அதற்குப் பதிலாக, "அங்கன வெயிலு கண்ணுல குத்தும் சார்வாள். தொப்பி வச்சிருந்தா போட்டுக்கிடுங்க," என்றார். ஒருவர் காத்த இடத்தை மற்றவர் காக்கப் போகிறார் அல்லவா? அதனால் இடத்தைப்பற்றிய உண்மையை ஒருவருக்கொருவர் சொல்லிவிடுவது அவர்களுக்குள் வழக்கமாயிற்று. அதற்கு மேல் அவர்கள் பேசியதில்லை. ஆட்டம் முடிந்ததும் அவரவர் கூட்டம் அவரவரை அழைத்துக்கொண்டு போய்விடும். ஆனாலும் தாம் செய்வது இன்னதென்று தெரிந்த ஒரே மனிதர் மைதானத்தின் மறுகோடியில் நிற்கிறார் என்ற எண்ணம் ஐயம்பெருமாளுக்கு ஆண்டு முழுவதும் துணையாக இருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டாம் ஆண்டு மார்கழியில் சீமையிலிருந்து செய்தி வந்தது. சட்டத்தை மாற்றிவிட்டார்கள். இனிக் கோல் காப்பவர் கம்பங்களுக்கு முன்னால் உள்ள பெரிய கட்டத்துக்குள் மட்டுமே கையை உபயோகிக்கலாம். கட்டத்துக்கு வெளியே அவரும் மற்றவரைப்போலத்தான். பாளையங்கோட்டையில் தை மாதம் நடக்கும் கோப்பை ஆட்டத்தைப் புதுச் சட்டப்படியே ஆடுவதென்று இரு தரப்பும் ஒத்துக்கொண்டன.

அந்த ஆலையில் எந்தச் செய்தியானாலும் மேஸ்திரிகள் வழியாகவே போகும். காலைச் சங்குக்குப் பின் ஒவ்வொரு மேஸ்திரியும் தம் ஆட்களை நிறுத்திவைத்து வாசிப்பார். வாசித்துவிட்டால் எல்லோருக்கும் சொல்லியாயிற்று என்று பொருள். ஆட்டக்காரர்கள் எல்லாக் கூடங்களிலும் பரவியிருந்ததால் பந்தாட்டச் செய்தியும் அப்படியே போயிற்று. பஞ்சுக் கொட்டகையில் வாசித்தார்கள், கதிர்க் கூடத்தில் வாசித்தார்கள், இஞ்சின் கூடத்தில் வாசித்தார்கள், அலுவலகத்தில் எழுத்தர்களுக்கும் சொன்னார்கள். அந்த நேரத்தில் ஐயம்பெருமாள் கிட்டங்கிச் சுவரில் பந்தை எறிந்துகொண்டிருந்தார்.

அந்த ஆண்டு மழை மார்கழி கடைசி வரை விடவில்லை. மைதானத்தில் தண்ணீர் நின்றது. மாலைப் பயிற்சி நடக்கவே இல்லை. நடந்திருந்தால் யாரேனும் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கக்கூடும். அவருக்கு வந்தது வேறொரு செய்தி. அணியின் தலைவர் சிவசண்முகம் அலுவலக எழுத்தர். அவர் ஒருநாள் குடையைப் பிடித்துக்கொண்டு வந்து, சுவரடியில் நின்றார்.

"வே ஐயம்பெருமாள், துரை ஒண்ணு சொல்லிட்டாரு. ரெண்டு வருஷமா கோப்பை பாளையங்கோட்டையிலயே கெடக்கு. இந்த வருஷமும் வரலைன்னா, கோல்ல நிக்கதுக்குன்னு தனியா ஒரு ஆளு வேண்டாமாம்."

"பெறவு நான் எங்க போவ?"

"அதை நான் கேக்க முடியுமாவே? நீரு கேட்டு வாங்கின வேலையா இது? ஓடு வேயப் போவும், இல்ல ஊருக்குப் போவும்." சற்று நின்று, "செயிச்சிட்டா ஒரு பேச்சும் இல்ல," என்று சேர்த்துக்கொண்டு போனார்.

இனித் தாம் ஆலையின் ஆளா இல்லையா என்பது அந்த ஓர் ஆட்டத்தில் தெரிந்துவிடும் என்று ஐயம்பெருமாள் எடுத்துக்கொண்டார். கோமுவிடம் சொல்லவில்லை.

தை பிறந்தது. மண் காய்ந்தது. ஆற்றைக் கடந்து ரயிலேறித் திருநெல்வேலியில் இறங்கி, குதிரை வண்டிகளில் பாலத்தைத் தாண்டிப் பாளையங்கோட்டைக்குப் போனார்கள். ரயிலில் மற்றவர்கள் சேர்ந்து உட்கார்ந்தார்கள். பந்து இருந்த கோணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஐயம்பெருமாள் சன்னலோரத்தில் தனியாக இருந்தார்.

முதற்பாதியில் ஆலை அணியின் கை ஓங்கியிருந்தது. பந்து பெரும்பாலும் எதிர்ப்பக்கத்திலேயே கிடந்தது. கோலுக்கு நேரே வந்த சிலவற்றை ஐயம்பெருமாள் நின்ற இடத்திலேயே பிடித்தார். ஒரே ஒருமுறை கட்டத்தைத் தாண்டி ஓடினார். இரண்டு கைகளையும் நீட்டியவர், பந்து தரையோடு உருண்டு வந்ததால் கடைசி நொடியில் காலால் உதைத்துத் தள்ளினார். கூட்டத்தில் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. மறுகோடியில் நின்ற சத்தியநேசன் மட்டும் அந்த நீட்டிய கைகளைப் பார்த்தார்.

யாரும் கோல் போடாமல் பாதி ஆட்டம் முடிந்தது. பக்கம் மாறும்போது, நடுக்கோட்டருகே சத்தியநேசன் நின்றுவிட்டார். அதற்கு முன் அவர் நின்றதில்லை.

"அண்ணாச்சி, இந்த வருஷம் சட்டம் மாறிட்டுல்லா. பெரிய கட்டத்துக்கு வெளிய பந்தைக் கையால தொடப்பிடாது. உங்ககிட்ட சொன்னாங்களா?"

ஐயம்பெருமாள் சிரித்தார். "ஏன் சார்வாள், காலையுங் கட்டிப்போட்டுருங்களேன். பெறவு நீங்க சௌகரியமா கோல் போடலாம்."

"வெளையாட்டுக்குச் சொல்லலை அண்ணாச்சி."

"மண்ணு எப்பிடி இருக்கு அங்கன?"

"மண்ணு நல்லா இருக்கு," என்று சொல்லிவிட்டுச் சத்தியநேசன் போனார். அவருடைய நடை தளர்ந்திருந்தது. எதிரணிக்கு இதைச் சொல்லலாமா என்று முதற்பாதி முடியும் வரை அவர் தமக்குள் வாதாடியிருக்க வேண்டும்.

ஐயம்பெருமாள் கிழக்குக் கோலுக்கு வந்து நின்றார். வெயில் முகத்தில் அடித்தது. சத்தியநேசன் இதுவரை பொய் சொன்னதில்லை. ஆனால் மண்ணையும் வெயிலையும்பற்றிச் சொன்னபோது இவரும் பதிலுக்கு ஒன்று சொன்னார். கொடுக்கல் வாங்கல் சரியாக இருந்தது. இப்போது சொன்னதால் அவருக்கு என்ன லாபம்? தம் அணிக்கு நஷ்டமாக ஒருவன் எதிரிக்குச் சொல்வானா? தமக்குச் சற்று முன்னால் பின்காப்பாளராக நின்றவன் தாஜ் முகம்மது, இஞ்சின் கூடத்துக்காரன். அவனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஐயம்பெருமாள் கூப்பிடவில்லை. நிற்பதற்கென்றே சம்பளம் வாங்குகிற ஆள், நிற்கிற சட்டத்தை இஞ்சினுக்கு எண்ணெய் போடுகிறவனிடம் கேட்பதா? ஊர் போய்ச் சேரும் வரை ரயிலில் இதைச் சொல்லியே சிரிப்பார்கள்.

அதற்கும் அடியில் வேறொன்று இருந்தது. அதை அவர் நேராகப் பார்க்க விரும்பவில்லை. சட்டம் மாறியது உண்மையானால், அது ஆலைக்கு வந்திருக்கும். ஆலைக்கு வந்திருந்தால் இந்தப் பத்துப் பேருக்கும் தெரிந்திருக்கும். ஒருவன்கூடத் தம்மிடம் சொல்லவில்லை என்று ஆகும். அப்படி இருக்காது. அவன் பள்ளிக்கூடத்து ஆள்; ஏதோ தந்திரம் செய்கிறான். இப்படி முடிவு செய்துகொண்டதும் அவருக்குச் சற்று நிம்மதியாகக்கூட இருந்தது.

ஆட்டம் முடியச் சிறிது நேரமே இருந்தபோது பள்ளி அணியின் முன்னணிக்காரன் ஒருவன் தாஜ் முகம்மதுவைத் தாண்டி ஓடி வந்தான். அவனுக்கு முன்னே பந்து உயரமாக இறங்கிக்கொண்டிருந்தது. அவன் எட்டிவிட்டால் கோல். ஐயம்பெருமாள் பாய்ந்து ஓடினார். ஆலை மைதானத்தில் தாம் அன்றாடம் போடுவதைப் போன்ற ஒரு வெள்ளைக் கோட்டைக் கால் மிதித்துத் தாண்டியது. வெயிலில் கண் கூச, முழு உடம்பையும் நீட்டி எழும்பி, அந்தப் பந்தை இரு கைகளாலும் ஆகாயத்தில் பறித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினார். அவர் வாழ்க்கையில் பிடித்த பந்துகளில் அதைவிடச் சிறந்தது இல்லை. உடனே தரையில் தட்டிக்கொண்டு நடுக்கோட்டை நோக்கிப் புறப்பட்டார். "இங்கன" என்று ஒரு குரலும் வரவில்லை. நடுவர் ஊதிய விசில் இரண்டாம் முறையாகக் கேட்டபோதுதான் எல்லோரும் நின்றுவிட்டதை அவர் கண்டார்.

பிடித்த இடத்திலிருந்து பள்ளி அணிக்குத் தனி உதை கொடுத்தார்கள். ஐயம்பெருமாள் ஓடிப்போய்க் கம்பங்களுக்கு நடுவே நின்றார். உதைத்தவனின் ஊன்றிய காலைப் பார்க்க அவருக்கு நினைவு வரவில்லை. பந்து வலது மூலையில் வலைக்குள் போயிற்று. அவரே போய் அதை எடுத்துக் கொடுத்தார்.

ஆட்டம் அந்த ஒரு கோலோடு முடிந்தது. சிவசண்முகம் மூச்சிரைக்க வந்தார்.

"என்னவே செஞ்சீரு? கோட்டுக்கு வெளிய கையை வச்சா விடுவானா?"

"எனக்குத் தெரியாது."

"தெரியாதா? மேஸ்திரி வாசிச்சாருல்லா."

"எந்த மேஸ்திரி?" என்று ஐயம்பெருமாள் கேட்டார்.

சிவசண்முகம் தாஜ் முகம்மதுவைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னை ஏன் பாக்கிய? நான் நீங்க சொல்லியிருப்பியன்னு இருந்தேன்," என்றான் தாஜ் முகம்மது. "தலைவருல்லா நீங்க."

"எனக்குக் கணக்கு முடிக்கதுக்கே நேரமில்ல. நீ முன்னால நிக்கவன், சொல்லியிருக்கப்பிடாதா?"

பேச்சு அவர்களுக்குள் வளர்ந்து, அவரை விட்டு நகர்ந்து, வண்டிகள் நின்ற பக்கமாகப் போய்விட்டது. ஐயம்பெருமாள் கம்பத்தடியில் உட்கார்ந்தார். சத்தியநேசன் கோப்பை வாங்குகிற கூட்டத்தை விட்டுவிட்டு, மைதானத்தின் முழு நீளத்தையும் நடந்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நான் சொன்னதை நம்பியிருக்கலாம்லா அண்ணாச்சி."

"நம்பாம இல்ல சார்வாள்."

"பின்ன?"

"நம்பினா, எங்க ஆளுவ எவனும் எங்கிட்ட சொல்லலைன்னு ஆயிருமுல்லா."

சத்தியநேசன் தலையைக் குனிந்துகொண்டார். அவரை அழைத்து யாரோ கூவினார்கள். எழுந்து, "பாத்துக்கிடுங்க, வண்டி போயிராம," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அந்த ஆண்டே அவரைத் தென்காசிப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கு மாற்றினார்கள். இருவரும் அதன் பிறகு சந்திக்கவில்லை.

துரை நடந்ததை விசாரித்தார். மேஸ்திரிகளை வரிசையாக நிறுத்திக் கேட்டார். ஒவ்வொருவரும் ஐயம்பெருமாள் தம் ஆள் இல்லை என்றார், அது உண்மை. துரை நியாயம் தெரிந்தவர். சிவசண்முகத்தை மொழிபெயர்க்கச் சொல்லி, குற்றம் ஐயம்பெருமாளுடையது அல்லவென்றும், பழைய வேலையிலேயே அவர் இருக்கலாமென்றும் சொன்னார். எதற்காகப் பாளையங்கோட்டை வரை போனாரோ, அது தோற்றும் கைக்கு வந்துவிட்டது.

ஐயம்பெருமாள் நகரவில்லை.

"என்னவே, அதான் சொல்லிட்டாருல்லா," என்றார் சிவசண்முகம்.

"என்னை ஏதாவது ஒரு மேஸ்திரிகிட்ட சேத்துவிடச் சொல்லுங்க."

"பைத்தியமாவே உமக்கு? பஞ்சுக் கொட்டகையில போயிப் பாரும். ஒருநாள் நின்னா நெஞ்சு அடைக்கும். நிழல்ல நின்னு பந்தை எறிஞ்சு பிடிக்க வேலையை எவன் விடுவான்?"

"பந்து சாயங்காலம் பிடிச்சிக்கிடுதேன். எல்லாரும் ஆடுதாப்பில."

சிவசண்முகம் அதைத் துரையிடம் எப்படிச் சொன்னாரோ தெரியாது. துரை தோளைக் குலுக்கிக்கொண்டு சம்மதித்தார்.

பஞ்சுக் கொட்டகையின் மேஸ்திரி அருமைநாயகம் சிடுசிடுப்பானவர். முதல் நாள் காலையில் ஐயம்பெருமாளை வரிசையின் கடைசியில் நிறுத்தினார். பக்கத்தில் நின்றவன் அவரை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். உள்ளே எந்திரம் ஓடத் தொடங்கினால் பேசினாலும் கேட்காது என்பதை அவர் அன்று மாலைக்குள் அறிந்துகொள்ளப் போகிறார். மரத்தடியில் இடம் ஒதுங்கிக் கொடுக்க அவர்களுக்கு இன்னும் பல மாதம் ஆகும்.

அருமைநாயகம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு அன்றைய அறிவிப்பை வாசித்தார். ஆலை வாய்க்காலில் எவரும் மாடு குளிப்பாட்டக் கூடாது. மீறினால் மாடு பட்டியில் அடைபடும். இரண்டொருவர் கொட்டாவி விட்டார்கள். ஐயம்பெருமாளிடம் மாடு கிடையாது. அவர் கைகளைக் கட்டிக்கொண்டு, வாசித்து முடியும் வரை அசையாமல் நின்று கேட்டார்.